மோர்க்காரிக்குப் பொன்னாடை

மருதாயிய அந்த ஊர்ல யாரும் மருதாயின்னு கூப்பிட்டதில்லை. மோர்க்காரி, அவ்வளவுதான். புருசன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போறேன்னு போனவன், பன்னெண்டு வருசமா ஆளும் இல்லை சேதியும் இல்லை. புள்ளகுட்டி கிடையாது. ரெண்டு எருமை, ஒரு ஓட்டுக் கொட்டகை, நாப்பத்தாறு வயசு. பாடாலூர் மெயின்ரோட்டுலேருந்து கிழக்கே ரெண்டு கல்லு நடந்தா வர்ற ஊர் அது. காலைல பத்து மணிக்கு மோர்ப்பானையத் தலையில தூக்கி வெச்சான்னா உச்சி வரைக்கும் தெருத்தெருவா நடப்பா.

நாலு வருசத்துக்கு முன்னாடி அவளுக்கே டி.பி. வந்துச்சு. பெரம்பலூர்ல இருக்கிற உதயதாரகைச் சங்கத்துக்காரங்கதான் ஆறு மாசம் மாத்திரை குடுத்துத் தேத்துனாங்க. தேறுனவ சும்மா இருப்பாளா? "எனக்குக் குடுத்த மாதிரி நானும் நாலு பேருக்குக் குடுக்குறேன் தம்பி"ன்னு காமில்கிட்டப் போய் நின்னா. காமில் லெப்பைக்குடிக்காட்டுக்காரன். அண்ணன் தம்பியெல்லாம் சவுதியில சம்பாதிக்க, இவன் மட்டும் எம்.ஏ. படிச்சிட்டு அந்தச் சங்கத்துல குந்தியிருந்தான். காசு வாங்காம ஊர் ஊரா மாத்திரை கொண்டுபோய்க் குடுக்கிற அறுபது தன்னார்வலர்களை மேய்க்கிறது அவன் வேலை. மருதாயியும் அறுபதுல ஒருத்தியா ஆனா.

வேலை இதுதான். சங்கத்துலேருந்து ஆளுக்கொரு மாத்திரைப் பெட்டி வரும். வாரத்துக்கு மூணு நாள் நோயாளி வூட்டுக்குப் போகணும், கண்ணு முன்னாடி முழுங்க வெச்சிட்டு வரணும். ஆறு மாசத்துல ஒரு நாள் தவறக் கூடாது. நடுவுல விட்டா நோவு முன்னைவிட மோசமாத் திரும்பும்.

கேக்கச் சுலபமா இருக்கும். ஆனா டி.பி.ன்னு தெரிஞ்சா நம்ம சனங்க என்ன பண்ணுவாங்க தெரியுமில்ல? தனித்தட்டு, தனி டம்ளர், குழாயடியில வேற வரிசை. மருதாயி அதெல்லாம் பட்டவ. அதனால அவ யார் வூட்டுக்கும் மாத்திரைக்காரியாப் போகமாட்டா. மோர்க்காரியாத்தான் போவா. "மோரு... மோரேய்..."னு சத்தம் குடுத்துட்டு நேரா அடுப்படிக்குப் போவா. இடுப்புச் சுருக்குப்பையிலேருந்து மாத்திரை வெளிய வரும், தண்ணியில முழுங்கியாகும், மேல ஒரு டம்ளர் மோர். பக்கத்து வூட்டுக்காரி எட்டிப்பாத்தா மோரத்தான் பாப்பா. ரெண்டு வருசத்துல ஏழு பேரத் தேத்தி வுட்டா, ஏழு பேர் பேரும் ஊருக்குத் தெரியாது.

எட்டாவதுதான் ஜெயசித்ரா. மேலத்தெரு அய்யம்பெருமாள் மக. பத்தொம்போது வயசு. ரெண்டாயிரத்து மூணு ஆடி மாசம் அவளுக்கு விடாத இருமல், சாயங்காலமானா காய்ச்சல். அவ அம்மா சம்பூர்ணம் துறையூருக்குப் போறதாச் சொல்லிட்டுப் பெரம்பலூர்ல காட்டிட்டு வந்தா. அய்யம்பெருமாளுக்கே தெரியாது. மனுசன் கோவக்காரன், நெஞ்சுல ஒண்ண வெச்சிக்கிட்டு இருக்கத் தெரியாது, டீக்கடையில போய்க் கொட்டிருவான். ஆத்தாளும் மகளும் மருதாயியும், இந்த மூணு பேருக்குள்ளதான் விசயம்.

முதல் வாரம் மூத்திரம் செவப்பாப் போகுதுன்னு சித்ரா அழுதா. "அது மாத்திரைச் சாயம்டி கழுத, ரத்தம்னு நெனச்சியா? எனக்கும் அப்படித்தான் போச்சு"ன்னு மருதாயி சிரிச்சா. ஒன்றரை மாசத்துலயே இருமல் நின்னு, கன்னம் உப்பி, பொண்ணு பொண்ணாட்டம் ஆயிட்டா. ஆவணிக் கடைசியில ஆலத்தியூர்லேருந்து மாப்பிள்ளை வந்துச்சு. முத்துவேல், சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுறவன். பொண்ணப் பாத்ததும் புடிச்சுப்போச்சு. தை மாசம் கடைசியில கல்யாணம்னு நிச்சயம் பண்ணாங்க. சம்பூர்ணம் விரல் விட்டு எண்ணிப் பாத்தா. மாத்திரையும் தை மாசத்தோட முடியுது.

"மாத்திரை முடிஞ்ச கையோட தாலி ஏறிடும் பெரியம்மா"ன்னு சித்ரா மருதாயி கையப் புடிச்சிக்கிட்டா. மருதாயிக்குத் தான் பெத்த மகளுக்குக் கல்யாணம் கூடுன மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் அவ காய்ச்சல்னு ஒரு நாள் படுக்கல, மழைன்னு ஒரு நாள் நிக்கல.

இப்படிப் போய்க்கிட்டிருந்த வண்டியிலதான் பாலாஜி சார் வந்து ஏறுனாரு.

பாலாஜி சார் மெட்ராஸ்காரரு. சங்கங்களுக்கெல்லாம் தன்னார்வலர்களை எப்படிச் சேக்கணும், எப்படி நடத்தணும், எப்படித் தக்கவெச்சுக்கணும்னு சொல்லிக் குடுக்கிறதே அவர் தொழிலு. பணம் குடுக்கிற ஆபீஸ்காரங்க, "உங்க தன்னார்வலர் திட்டம் ரொம்பச் சோடையா இருக்கு, இவர வெச்சு வலுப்படுத்துங்க"ன்னு அனுப்பி வெச்சாங்க. கெட்ட மனுசன்னு சொல்ல முடியாது. யாரையும் வாங்க போங்கன்னுதான் பேசுவாரு, மருதாயி குடுத்த மோர ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சாரு. மூணு நாள் பயிற்சி நடந்துச்சு. சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, வட்டமா உக்காந்து கைதட்டுறது, மதியம் வெஜிடபிள் பிரியாணி. கடைசி நாள் ஆளுக்கு ஒரு நீலப் பையும் கழுத்துல தொங்குற அட்டையும் குடுத்தாங்க. அட்டையில போட்டோ, கீழ 'காசநோய் ஒழிப்புத் தன்னார்வலர்'னு கொட்டை எழுத்து. மருதாயி அதை வாங்கி அரிசிப் பானைக்குள்ள போட்டா.

பாலாஜி சார் அதோட நிக்கல. தன்னார்வலர்களுக்கு ஏ, பி, சி-ன்னு தரம் போட்டாரு. ஒவ்வொரு தடவ மாத்திரை குடுக்கிறப்பவும் நோயாளிகிட்டக் கையெழுத்து வாங்கணும், அதை வெச்சுத்தான் தரம். ஐப்பசியில பட்டியல் ஒட்டுனாங்க. முதல் பேரு அங்கமுத்து, ஏ. இவனும் மருதாயி ஊருதான். கல்யாண வூட்டுல, கட்சிக் கூட்டத்துல மைக் புடிச்சுப் பேசுறவன். ஒரு வூட்டு வாசல் மிதிச்சிருக்க மாட்டான், ஆனா நோட்டுல அத்தனை கட்டமும் நெறஞ்சிருக்கும், அதுவும் ஒரே பேனாவுல. மருதாயி பேரு கடைசி. கையெழுத்து பூஜ்யம். சி.

சி வாங்குனவங்களை மாசக் கடைசியில நிறுத்திட்டு, அவங்க நோயாளிகளை ஏ வாங்குனவங்களுக்கு மாத்துவாங்களாம்.

சித்ரா வூட்டு வாசல்ல அங்கமுத்து நீலப் பையும் அட்டையுமாப் போய் நின்னா என்ன ஆகும்? மருதாயி நேரா பஸ் ஏறிக் காமில்கிட்டப் போனா.

"தம்பி, எம்பேர எடுத்துருங்க, பரவால்ல. அந்தப் பொண்ண மட்டும் தை வரைக்கும் எங்கிட்ட வுட்டுருங்க."

"மருதாயிம்மா, எனக்கு உங்களத் தெரியும். அவருக்குப் பேப்பர்தான் தெரியும்" காமில் தலையைச் சொறிஞ்சான். "அந்தப் பொண்ணுகிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. தாள் என் பீரோவுல இருக்கும், சாவி என் பாக்கெட்டுல இருக்கும். ஒருத்தர் கண்ணுல படாது. அல்லா மேல ஆணையாச் சொல்றேன்."

அவன் மனசாரத்தான் சொன்னான். மருதாயி தாளை வாங்கிட்டு வந்தா. சித்ரா அடுப்படியில உக்காந்து ஆடியிலேருந்து ஒவ்வொரு கட்டமாப் போட்டா. தேதி, கையெழுத்து. தேதி, கையெழுத்து. "கை நோவுது பெரியம்மா, கல்யாணப் பத்திரிகையில கூட இத்தனை தடவ எம்பேர் இருக்காது"ன்னு சிரிச்சிக்கிட்டே போட்டா. மேல அவ பேரு, அப்பா பேரு, தெரு, நோவு எல்லாம் தெளிவா இருந்துச்சு.

தாளப் பாத்ததும் பாலாஜி சார் நாற்காலியிலேருந்து எழுந்துட்டாரு. ஒரு நாள் கூட விடுதல் இல்லை, அறுபது பேருல ஒருத்தர் இப்படி இல்லை. சி-ல இருந்த மருதாயி ஒரே பாய்ச்சல்ல ஏ-க்கு மேல போயிட்டா. டிசம்பர் அஞ்சாம் தேதி உலகத் தன்னார்வலர் தினம், அன்னிக்கு சிறந்த தன்னார்வலர் விருது மருதாயிக்குத்தான்னு அங்கயே அறிவிச்சாரு. அதுவும் பெரம்பலூர் மண்டபத்துல இல்ல. "ஒருத்தரைப் பாராட்டுறதுன்னா அவங்க சொந்த சனங்க முன்னாடி பாராட்டணும். அப்பதான் அடுத்த தன்னார்வலர் அந்த ஊர்லேருந்து வருவாங்க"ன்னாரு. அவர் புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்காம்.

இந்த இடத்துல மருதாயி வேணாம்னு சொல்லியிருக்கணும். சொல்லலாம்னுதான் வாயெடுத்தா. ஆனா உள்ளுக்குள்ள என்னமோ குறுகுறுன்னுச்சு. எத்தனை வருசம் மோர்க்காரி, மோர்க்காரி? புருசன் வுட்டுட்டுப் போனவன்னு கைகாட்டுன ஊரு ஒரு நாள் கைதட்டுனா என்ன தப்பு? "எந்த வூட்டுப் பேரும் வரக்கூடாது சார்"னு மட்டும் சொன்னா. "கண்டிப்பா, கண்டிப்பா"ன்னு பாலாஜி சார் சொன்னாரு. அவ பாடாலூர் சந்தையில நூத்தம்பது ரூபாய்க்குப் பச்சைச் சேலை ஒண்ணு எடுத்தா. ஆசை யாரை விட்டுச்சு, சொல்லுங்க?

விழாவுக்கு முதல் நாள் காமில் ஊர்ல இல்லை. தங்கச்சிக்கு நிக்காஹ்னு லீவுல போயிட்டான். பாராட்டுரை எழுத உக்காந்த பாலாஜி சாருக்கு வார்த்தை வரல. 'சிறப்பாகப் பணியாற்றினார்'னு எழுதி அடிச்சாரு. பொத்தாம்பொதுவாப் பாராட்டினா யாருக்கும் ஒறைக்காது, செஞ்சதைக் குறிப்பாச் சொல்லணும், இது அவரே மத்தவங்களுக்கு நடத்துற பாடம். மருதாயி தாள் எங்கன்னு கேட்டாரு. ஆபீஸ்ல மாத்துச்சாவி இருந்துச்சு. எந்த வூட்டுப் பேரும் வரக்கூடாதுன்னு மருதாயி சொன்னது அவருக்கு ஞாபகத்துலயே இல்லை.

அஞ்சாம் தேதி வெள்ளிக்கிழமை. காலைல சித்ராவுக்கு அம்பத்துநாலாவது வேளை மாத்திரைய முழுங்க வெச்சிட்டுத்தான் மருதாயி பச்சைச் சேலையக் கட்டுனா. சாயங்காலம் மாரியம்மன் கோயில் திடல்ல பந்தல். ஊரெல்லாம் கேக்கணும்னு நாலு கம்பத்துல கொழாய் ரேடியோ கட்டியிருந்தாங்க. மைக்குல அங்கமுத்து. பாலாஜி சார் மருதாயிக்குப் பொன்னாடை போத்துனாரு, சனங்க கைதட்டுனாங்க. டீக்கடை பெஞ்சுல உக்காந்திருந்தவங்க கூட எழுந்து வந்து பாத்தாங்க. மருதாயிக்குக் கண்ணுல தண்ணி நின்னுச்சு.

அங்கமுத்து பேப்பரப் பிரிச்சான். "நமது ஊரின் பெருமை, திருமதி மருதாயி அவர்கள்! மேலத்தெரு..."

மேலத்தெருன்னதுமே அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. எழுந்து அவன் வாயப் பொத்தியிருக்கலாம், மைக்கப் புடுங்கியிருக்கலாம். தோள்ல பொன்னாடை, கையில கேடயம், எதிர்ல ஊரே பாக்குது. ஒரு மூச்சு நேரம் அப்படியே உக்காந்துட்டா. அந்த ஒரு மூச்சு போதும் அங்கமுத்துவுக்கு. அவன் கையில பேப்பர் இருந்தா கண்ணும் வாயும் மட்டுந்தான் வேலை செய்யும், மூளை செய்யாது.

"...மேலத்தெரு அய்யம்பெருமாள் மகள் செல்வி ஜெயசித்ராவுக்கு, காசநோய் மாத்திரையை ஐம்பது முறைக்கு மேல், ஒரு நாளும் தவறாமல், இல்லம் தேடிச் சென்று வழங்கிய தியாகச் செம்மல்!"

நாலு கொழாயும் அதைச் சொல்லுச்சு. கொல்லையில சாணி தட்டுறவளுக்குக் கேட்டுச்சு, ஏரிக்கரையில மாடு ஓட்டிட்டு வந்தவனுக்குக் கேட்டுச்சு. கைதட்டல் வரல. பாலாஜி சார் மட்டும் ரெண்டு தட்டுத் தட்டிட்டு நிறுத்திக்கிட்டாரு.

மறுநாள் காலைல ஆலத்தியூருக்குச் சேதி போயிருச்சு. யார் சொன்னதுன்னு கேக்காதீங்க, இந்த மாதிரிச் சேதிக்குன்னே நாலு பேரு ஊருக்கு ஊரு இருப்பாங்க. முத்துவேலோட மாமனுங்க மூணு பேரும் போன் போட்டு, "ஞாயித்துக்கிழமை வர்றோம், நேர்ல பேசிக்கலாம்"னாங்க. அய்யம்பெருமாளுக்கு ஒண்ணும் தெரியாதில்லையா, அவன் நெசமாவே கொதிச்சான். "எம் பொண்ணுக்கு டி.பி.யா? பட்டம் வாங்குறதுக்காக எம் பொண்ணு பேர எழுதிக்குடுத்திருக்கா அந்த நாதாரி மோர்க்காரி! கோயில்ல வந்து சூடம் அணைச்சுச் சொல்லட்டும்!" தெருவுல நின்னு கத்துனான்.

சனிக்கிழமை உச்சி வெயில்ல சம்பூர்ணம் கொட்டகைக்கு வந்தா. மருதாயி எருமைக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருந்தா. வந்தவ திட்டுவான்னு பாத்தா, தொப்புன்னு கால்ல விழுந்துட்டா.

"அக்கா, பொய்னு சொல்லிரு. பட்டத்துக்காகப் பேர எழுதிட்டேன்னு சொல்லிரு. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

"சூடம் அணைச்சா?"

"எம் பொண்ணு மருந்து டப்பாவ எடுத்து வெச்சிருக்கா. பூச்சி மருந்து. நான் புடுங்கி எறிஞ்சிட்டு வர்றேன். கல்யாணம் நின்னா அவ இருக்கமாட்டாக்கா."

மருதாயி அவளத் தூக்கி உக்கார வெச்சா. சாமி முன்னாடி பொய் சொன்னா வம்சம் வெளங்காதுன்னு சொல்லுவாங்க. எனக்கு ஏது வம்சம், வெளங்காமப் போறதுக்குன்னு நெனச்சுக்கிட்டா. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "சொல்றேன். ஆனா மிச்ச மாத்திரைய அவ தின்னாகணும். இருபத்துநாலு வேளை. நீ எனக்கு வாக்குக் குடு."

"குடுக்குறேன்க்கா. எப்பாடு பட்டாவது குடுத்துர்றேன்" சம்பூர்ணம் அவ கையில அடிச்சா.

ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல ஊரே கூடியிருந்துச்சு. ஆலத்தியூர்க்காரங்க வேன்ல வந்திருந்தாங்க, மாப்பிள்ளையும் ஓரமா நின்னுக்கிட்டிருந்தான். பூசாரி கல்லு மேல சூடத்தக் கொளுத்துனாரு. மருதாயி பச்சைச் சேலையக் கட்டல, பழசத்தான் கட்டியிருந்தா.

"ஜெயசித்ராவுக்கு எந்த நோவும் இல்லை. நான் ஒரு நாளும் மாத்திரை குடுத்ததில்லை. சிறந்த ஆளுன்னு பேர் வாங்கணும்னு பொய்யா எழுதிக்குடுத்தேன். இது சத்தியம்." எரியுற சூடத்து மேல உள்ளங்கைய வெச்சு அமுக்குனா. கை சுட்டுச்சு. அவ எடுக்கல.

ஒருத்தி காறித் துப்புனா. அதப் பாத்துட்டு நாலு பேரு துப்புனாங்க. அய்யம்பெருமாள் செருப்பக் கழட்டுனான், நாலு பேரு புடிச்சுக்கிட்டாங்க. மாமனுங்க மீசையத் தடவிக்கிட்டு, "அப்ப சரி, தையிலயே வெச்சுக்கலாம்"னாங்க. கல்யாணம் நின்னுச்சு. அதாவது, நெலைச்சு நின்னுச்சு. மருதாயி முந்தானையால மொகத்தத் தொடச்சிக்கிட்டு வூட்டுக்கு வந்து, அழாம, எருமைக்கு வைக்கோல் போட்டா.

சங்கத்துலயும் பஞ்சாயத்து நடந்துச்சு. காமில் லீவு முடிஞ்சு ஓடி வந்தான். "அது நெசம் சார், நான்தான் தாள் வாங்குனேன். நம்மதான் அந்தப் பொண்ணு பேர ஊர் முன்னாடி போட்டு உடைச்சிருக்கோம்"னு கத்துனான். பாலாஜி சார் கணக்குப் போட்டுப் பாத்தாரு. அது நெசம்னா தப்பு சங்கத்து மேல. பொய்னா தப்பு மோர்க்காரி மேல. "அவங்களே சாமி முன்னாடி ஒத்துக்கிட்டாங்களே காமில்"னாரு. ஜெயசித்ரா பேரத் தாள்ல சிவப்பு மையால அடிச்சு 'தவறான பதிவு'ன்னு எழுதுனாங்க. மருதாயிய நீக்கிட்டோம்னு லெட்டர் போட்டாங்க. அடுத்த பயிற்சியில, போலிக் கையெழுத்தை எப்படிக் கண்டுபுடிக்கிறதுன்னு ஒரு புதுப் பாடம் சேத்தாங்க. உதாரணம் மருதாயி. பாடத்தக் கேட்டு மொத வரிசையில உக்காந்து தலையாட்டுனவன் அங்கமுத்து.

காமில் ஒண்ணு மட்டும் செஞ்சான். மாத்திரைப் பெட்டியத் திருப்பிக் குடுக்கிறதுக்கு முன்னாடி இருபத்துநாலு வேளை மாத்திரைய உருவிக்கிட்டு வந்து மருதாயி கையில குடுத்தான். "மன்னிச்சிருங்கம்மா"ன்னான். அவன் மொகத்தப் பாக்க அவளுக்குப் பாவமா இருந்துச்சு.

மாத்திரை கையில இருக்கு. ஆனா மேலத்தெருவுல அவ காலடி வெக்க முடியாது. அய்யம்பெருமாள் கல்லெடுத்து அடிப்பான். குழாயடியில சம்பூர்ணத்தப் பாத்து மெதுவா மடியவிழ்த்துக் காட்டுனா. சம்பூர்ணம் கொடத்த இடுப்புல வெச்சிக்கிட்டு, "அப்புறம் வாங்கிக்குறேன்க்கா, இப்ப ஆளிருக்கு"ன்னா. ரெண்டாவது தடவையும் அதையே சொன்னா. மூணாவது தடவ அவ மொகமே மாறியிருந்துச்சு.

"அவதான் நல்லா இருக்காளேக்கா. இருமலே இல்லை. நீ சூடம் அணைச்சதுலேருந்து ஒரு தும்மல் கூட இல்லை. மாரியாத்தா அந்தச் சத்தியத்த ஏத்துக்கிட்டா. நோவு இல்லன்னு அவ முன்னாடி சொல்லிட்டுத் திருப்பி மாத்திரை தின்னா, அவளச் சோதிக்கிற மாதிரி ஆயிராதா?"

"அடிப்பாவி, அது பொய்ச் சத்தியம்டி! உனக்குத் தெரியாதா?"

"மெதுவாக்கா" சம்பூர்ணம் சுத்தியும் பாத்தா. "சாமி முன்னாடி சொன்னதப் பொய்னு சொல்லாத." கொடத்தத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. அவ நடிக்கல, அதான் கொடுமை. நெசமாவே நம்பிட்டா. நம்பலேன்னா அவளால தூங்க முடியாது.

தை கடைசியில கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்துச்சு. ஊர்ல மருதாயி ஒருத்திக்குத்தான் பத்திரிகை வெக்கல. அவகிட்ட மோர் வாங்குறதையும் அதுக்குள்ள நிறுத்தியிருந்தாங்க, பாடாலூர் ஓட்டலுக்குத்தான் பால ஊத்திக்கிட்டிருந்தா.

மாசி மாசம் ஒரு தூக்குல மோர எடுத்துக்கிட்டு ரெண்டு பஸ் மாறி ஆலத்தியூர் போனா. மாமியார்க்காரி வாசல்ல உக்காந்து மல்லி காயவெச்சிக்கிட்டிருந்தா. இவ தெருமுனையிலேருந்து பழைய மாதிரியே சத்தம் குடுத்தா. "மோரு... மோரேய்..."

சித்ரா வெளிய ஓடி வந்தா. கழுத்துல புதுத் தாலிக்கயிறு மஞ்சளா இருந்துச்சு. மருதாயியப் பாத்தா. மொகத்துல ஒரு நொடி சிரிப்பு வந்துச்சு, வந்த வேகத்துல போச்சு.

"யாருடி அது, தெரிஞ்சவளா?"ன்னு மாமியா கேட்டா.

"தெரியலத்தே. யாரோ மோர் விக்கிறவங்க." மருதாயி கண்ணப் பாக்காம, சத்தமாச் சொன்னா, "எங்களுக்கு வேணாம், போயிருங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

கதவு சாத்துன சத்தம் கேட்டுச்சு. மருதாயி பஸ் ஸ்டாப்புல உக்காந்து ரெண்டு பஸ்ஸ வுட்டா. அப்புறமும் பங்குனியில ஒரு தடவ, சித்திரையில ஒரு தடவ போனா. சத்தம் குடுத்தா, கதவு தொறக்கல. சித்திரையில போனப்ப உள்ளேருந்து இருமல் கேட்டுச்சு. அந்த இருமல அவளுக்குத் தெரியும். "சித்ரா, அடியே சித்ரா"ன்னு கதவத் தட்டுனா. பக்கத்து வூட்டு ஆம்பளைங்க வந்து விசாரிச்சு, பாடாலூர்ப் பக்கத்து மோர்க்காரின்னு தெரிஞ்சதும், "ஓ, அந்தப் பொய்க்காரியா?"ன்னு பஸ் ஏத்தி அனுப்பிட்டாங்க.

ஐப்பசியில சித்ரா செத்துப்போனா. திருச்சிப் பெரியாஸ்பத்திரியில பதினோரு நாள் இருந்து செத்தா. முப்பத்தஞ்சு கிலோ கூட இல்லையாம். ஊர்ல சனி நீராடப் போயி சளி புடிச்சிருச்சுன்னு சொல்லிக்கிட்டாங்க. சங்கத்துத் தாள்ல அந்த வருசம் செத்தவங்க எண்ணிக்கையில அவ இல்லை. அடிச்ச பேரு எப்படிச் சாகும்?

கார்த்திகையில ஒரு நாள் காலைல முத்துவேல் வந்தான். மருதாயி தயிர் கடைஞ்சிக்கிட்டிருந்தா. லாரிய மெயின்ரோட்டுல நிறுத்திட்டு நடந்து வந்திருந்தான், தாடி வளந்திருந்துச்சு. அடிக்கத்தான் வந்திருக்கான்னு நெனச்சு அவ மத்தக் கீழ வெச்சிட்டு எழுந்து நின்னா. அடிச்சா வாங்கிக்கலாம்னு நின்னா.

அவன் தரையில உக்காந்தான். "கடைசி நாள் எல்லாத்தையும் சொன்னா. 'மோர்க்காரப் பெரியம்மாவ வாசல்ல வெச்சு யாருன்னு தெரியாதுன்னுட்டேன், நீ போய் மன்னிப்புக் கேட்டுரு'ன்னா. அதுக்குத்தான் வந்தேன்."

மருதாயி ஒரு டம்ளர் மோர ஊத்தி அவன் முன்னாடி வெச்சா.

"எங்க அக்காவுக்கும் டி.பி. இருந்துச்சும்மா" முத்துவேல் தரையப் பாத்துக்கிட்டே பேசுனான். "ஆறு மாசம் நான்தான் அரியலூர்லேருந்து மாத்திரை வாங்கியாந்து குடுத்தேன். இப்ப ரெண்டு புள்ளைங்க அதுக்கு. எங்க மாமனுங்களுக்குக்கூட அது தெரியாது. அன்னிக்குக் கோயில்ல நான் உங்களுக்கு நேர் எதிர்லதான் நின்னேன். கை வெந்தும் எடுக்காம நின்னீங்க, பொய் சொல்றீங்கன்னு அப்பவே தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் கட்டுனேன்."

"தெரியுமா?"

"தெரியும். மாத்திரையெல்லாம் அவங்க அம்மா வூட்டுலேருந்து வந்துகிட்டிருக்கும், எனக்குத் தெரியாம முழுங்குறான்னு நெனச்சேன். அவளா ஒரு நாள் சொல்லுவான்னு இருந்தேன். கேட்டா மனசு நோவுமேன்னு கேக்கல." அவன் கையால மொகத்தப் பொத்திக்கிட்டான். "எனக்குத் தெரிஞ்சா வுட்டுருவேன்னு அவ பயந்திருக்கா. ஒன்பது மாசம் ஒரே பாயில படுத்தோம்."

மருதாயி அப்படியே செவுத்துல சாஞ்சு உக்காந்தா. அவன் எழுந்து, லாரி நடுரோட்டுல நிக்குது, போலீஸ்காரன் சத்தம் போடுவான்னு சொல்லிட்டுப் போனான்.